பாட்டிக்கு ஒரு செய்தி

நுழையும்முன்

வீட்டில் தமிழும், தெருவில் கன்னடமும், பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் பேசி வளரும் பிள்ளைகளின் கைகளில் இன்று திறன்பேசி தவழ்கிறது. அச்சிறு கருவிக்குள் தமிழ் எழுத்துகள் எவ்வாறு இடம்பெற்றன? 247 எழுத்துகளைச் சில விசைகளுக்குள் அடக்கியவர்கள் யாவர்? ஸ்ரீராம்புரத்துச் சிறுவன் ஒருவனின் வீட்டில் நிகழ்ந்த நிகழ்ச்சியின் வழியே இவ்வுரைநடைப் பாடம் அவற்றை விளக்குகிறது.

கருவிகளின் தோழன்

பெங்களூரு நகரில் தமிழர் மிகுதியாக வாழும் பகுதிகளுள் ஸ்ரீராம்புரமும் ஒன்று. ஆலைகளிலும் பட்டறைகளிலும் வேலை தேடி வந்த குடும்பங்கள் பல, தலைமுறை தலைமுறையாக இங்கு வாழ்ந்து வருகின்றன. அத்தகைய குடும்பம் ஒன்றில் எட்டாம் வகுப்பு பயிலும் சிறுவன் ஒருவன் இருந்தான். அவனுடைய தந்தை பீன்யாவில் உள்ள கடைசல் பட்டறை ஒன்றில் பணியாற்றினார். சம்பிகே சாலையிலிருந்து பீன்யா தொழிற்பேட்டைக்கு 2014 ஆம் ஆண்டு மெட்ரோ தொடர்வண்டி ஓடத் தொடங்கியது. அவ்வழியில் அமைந்த ஸ்ரீராம்புரம் நிலையத்தில்தான் அவர் நாள்தோறும் ஏறுவார்.

சிறுவனுக்குக் கருவிகள் என்றால் கொள்ளை விருப்பம். தந்தையின் பயண அட்டைக்குத் திறன்பேசி வழியாகப் பணம் ஏற்றித் தருவது அவன் வேலை. காவிரி நீர் குழாயில் வரும் நாள்களைக் குறித்து வைத்து, விடியற்காலையில் சேவல் கூவுவதுபோல் ஒலி எழுப்பும்படி தந்தையின் திறன்பேசியை அமைத்தவனும் அவனே. நீர் வராத ஞாயிற்றுக்கிழமையிலும் அச்சேவல் கூவியது. வீட்டார் அனைவரும் குடத்துடன் எழுந்து நின்றனர். இன்னொரு நாள், இஸ்திரிப் பெட்டியையும் நீர் சூடேற்றியையும் ஒரே இணைப்புப் பலகையில் செருகினான். வீடு முழுவதும் இருண்டது. அன்று அம்மாவிடம் வாங்கிய திட்டை அவன் நெடுநாள் மறக்கவில்லை.

ஆயினும் அக்கம்பக்கத்தார் அவனைத் தேடி வந்தனர். "தம்பி, எழுத்து மிகச் சிறிதாகத் தெரிகிறது" என்பார் ஒருவர். "படங்கள் நிறைந்து விட்டனவாம், என்ன செய்வது?" என்று கேட்பார் இன்னொருவர். அவன் பொறுமையாகச் சரிசெய்து கொடுப்பான்.

அவனுடைய பாட்டி திருப்பத்தூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் தனியே வாழ்ந்து வந்தார். பொங்கல் விடுமுறையில், தந்தை பயன்படுத்திய பழைய திறன்பேசியைத் துடைத்து, புதிய உறை இட்டு, பாட்டிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தான். எண்களை நினைவில் வைக்க வேண்டாதபடி ஒவ்வொருவரின் பெயருக்கும் அவரவர் ஒளிப்படத்தை இணைத்தான். "படத்தைத் தொட்டால் போதும், பாட்டி" என்றான். பாட்டி முதலில் மகனின் படத்தைத் தொட்டார். பக்கத்தில் நின்ற மகனின் சட்டைப்பையில் மணி ஒலித்தது. அனைவரும் சிரித்தனர்.

பேருந்து நிறுத்தத்தில் பாட்டி

ஆடி மாதம் பிறந்தது. ஊர் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் விழாவுக்கு ஞாயிற்றுக்கிழமை வருவதாகப் பாட்டியிடம் கூறியிருந்தனர். ஆனால், பட்டறையில் அவசர வேலை வந்ததால் தந்தைக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. சனிக்கிழமை மாலை அம்மா, "பாட்டியிடம் பேசி, அடுத்த ஞாயிறு வருகிறோம் என்று சொல்லிவிடு" என்றார்.

சிறுவன் புதிய செயலி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தான். பேசுவதற்குப் பதிலாக ஒரு குறுஞ்செய்தியைத் தட்டி அனுப்பினான். சொற்கள் தமிழ், எழுத்துகளோ ஆங்கிலம். நண்பர்களுக்கு அவன் அவ்வாறுதான் எழுதுவது வழக்கம். செய்தி சென்று சேர்ந்ததற்கான அடையாளம் திரையில் தோன்றியது. வேலை முடிந்தது என்று எண்ணினான்.

மறுநாள் இரவு பாட்டியிடமிருந்து அழைப்பு வந்தது. "எல்லாரும் நலமா? வழியில் ஏதேனும் ஆயிற்றோ என்று பயந்துவிட்டேன்" என்றார். காலையில் கூழும் முருங்கைக்கீரைப் பொரியலும் ஆக்கி வைத்துவிட்டு, பேருந்து நிறுத்தத்திற்கு வந்து அமர்ந்தவர், கடைசிப் பேருந்து போகும்வரை அங்கேயே காத்திருந்திருக்கிறார். பேசிப் பார்ப்போம் என்றால் திறன்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"நேற்றே செய்தி அனுப்பினேனே, பாட்டி!" என்றான் சிறுவன்.

"வந்தது கண்ணு. நீ அனுப்புவதை எல்லாம் எதிர்வீட்டுப் பெண்தான் படித்துச் சொல்வாள். நேற்று அவள் ஊரில் இல்லை. அது எனக்குத் தெரியாத எழுத்து அல்லவா?"

சிறுவனால் மறுமொழி கூற இயலவில்லை. பாட்டி ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். நாளிதழைத் தலைப்பு முதல் கடைசி வரி வரை வாசிப்பவர். அவர் பேரன் எழுதியதை அவரே படிக்க இயலவில்லை. ஆறு மாதங்களாக அவன் அனுப்பிய செய்திகள் அனைத்தும் எதிர்வீட்டுப் பெண்ணின் வாய்வழியாகவே அவரை அடைந்திருக்கின்றன. தந்தைக்கு ஊதியம் தாமதமாகிறது என்று ஒருமுறை எழுதியதும் அவன் நினைவுக்கு வந்தது. வீட்டுச் செய்தி வெளியார் அறியச் சென்றதே என்று வருந்தினான்.

அத்தையின் தட்டச்சுப் பாடம்

அதே தெருவில் அவனுடைய அத்தை வாழ்ந்தார். அவர் இளமையில் திருப்பத்தூரில் தட்டச்சுப் பயிலகத்தில் சேர்ந்து, தமிழ்த் தட்டச்சில் இளநிலைத் தேர்வில் வென்றவர். நடந்ததைக் கேட்டு, "உன் கருவியில் தமிழ் எழுத்து இல்லையா?" என்று வினவினார்.

"இருக்கும், அத்தை. ஆனால், தமிழில் 247 எழுத்துகள் ஆயிற்றே. ஒவ்வொன்றையும் எங்கே தேடுவது?"

"நூறாண்டுக்கு முன்பே ஒருவர் அதற்கு வழி கண்டுவிட்டார்" என்று அத்தை புன்னகை செய்தார்.

அவர் குறிப்பிட்டவர் இரா. முத்தையா. யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குழியில் 1886 ஆம் ஆண்டு பிறந்த அவர், 1907 ஆம் ஆண்டு மலாயாவுக்குப் புறப்பட்டுச் சென்று, பின்னர்ச் சிங்கப்பூரில் வணிக நிறுவனம் ஒன்றில் பணியாற்றினார். அலுவலகத்தில் ஆங்கிலத் தட்டச்சுப் பொறி விரைந்து இயங்குவதைக் கண்ட அவருக்கு, தமிழுக்கும் அத்தகைய பொறி வேண்டும் என்ற எண்ணம் எழுந்தது.

எழுத்துகளின் எண்ணிக்கையே பெரிய தடையாக இருந்தது. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 எனத் தமிழ் எழுத்துகள் 247. தட்டச்சுப் பொறியிலோ ஏறத்தாழ 45 விசைகளே உண்டு. முத்தையா எழுத்துகளின் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்தார். 'கா' என்பது ககரமும் துணைக்காலும் சேர்ந்தது. 'கெ' என்பது ஒற்றைக் கொம்பும் ககரமும் சேர்ந்தது. துணைக்காலுக்கு ஒரு விசை இருந்தால் 18 எழுத்துகளுக்கும் அதுவே போதும்.

'கி', 'க்' போன்றவற்றில் வேறொரு சிக்கல் எழுந்தது. தட்டச்சுப் பொறியில் ஒரு விசையை அழுத்தியவுடன் தாளைத் தாங்கும் உருளை ஓர் எழுத்தளவு நகர்ந்துவிடும். மேல்விலங்கும் புள்ளியும் பக்கத்தில் அல்லாமல் எழுத்தின் மேலேயே அமைய வேண்டும் அல்லவா? இதற்கு 'நகரா விசை' தீர்வாயிற்று. அவ்விசையை அழுத்தினால் குறி மட்டும் பதியும், உருளை நகராது. அடுத்து ககரத்தை அழுத்தினால், அது அக்குறியின் கீழே பொருந்தி அமரும். கையால் எழுதும்போது எழுத்து முதலில் வரும், புள்ளி பின்னர் வரும். தட்டச்சில் புள்ளி முதலில், எழுத்து பின்னர்.

முதல் உலகப் போருக்குப் பின்னர், ஜெர்மனி நாட்டு நிறுவனம் ஒன்றின் வாயிலாகத் தமிழ்த் தட்டச்சுப் பொறிகளை முத்தையா உருவாக்கச் செய்தார். தமிழ் கற்றவர்கள் பலர் அதனால் அலுவலகங்களில் வேலை பெற்றனர். அத்தையும் அவர்களுள் ஒருவர். பொறி இல்லாத மேசைமீது அவர் விரல்களை வைத்து, "இதோ, இங்கேதான் புள்ளி இருக்கும்" என்று காட்டினார். முப்பது ஆண்டுகள் கடந்தும் விரல்கள் மறக்கவில்லை.

எழுத்துக்கு ஓர் எண்

தட்டச்சுப் பொறி எழுத்தைத் தாளில் அச்சிடும். கணினியோ எழுத்தை எண்ணாக மாற்றியே நினைவில் வைக்கும். கணினியில் தமிழ் வந்த தொடக்க காலத்தில், ஒவ்வொரு எழுத்துருவும் தனக்கென ஓர் எண் வரிசையை வைத்திருந்தது. ஒரு கணினியில் எழுதிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத இன்னொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றியது. ஒரே தெருவில் ஒவ்வொரு வீட்டாரும் தாம் விரும்பிய கதவு எண்ணை எழுதிவைத்தால், அஞ்சல்காரர் கடிதத்தை எங்குக் கொடுப்பார்?

இக்குழப்பத்தைத் தீர்க்க வந்ததே ஒருங்குறி. உலக மொழிகளின் எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி எண்ணை அது வழங்குகிறது. 1991 ஆம் ஆண்டு வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. அதன்படி 'அ' என்னும் எழுத்தின் எண் 2949. 'க' என்னும் எழுத்தின் எண் 2965. ஸ்ரீராம்புரத்திலும் சிங்கப்பூரிலும் யாழ்ப்பாணத்திலும் அவ்வெண்கள் மாறுவதில்லை.

கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் இத்துறையில் பெரும்பங்கு ஆற்றினர். மலேசியாவைச் சேர்ந்த முத்து நெடுமாறன் 1985 ஆம் ஆண்டு 'முரசு' மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். கைப்பேசிகளுக்கான அவருடைய 'செல்லினம்' 2005 ஆம் ஆண்டு வெளிவந்தது. சிங்கப்பூர்ப் பேராசிரியர் நா. கோவிந்தசாமி 1995 ஆம் ஆண்டு இணையத்தில் தமிழை ஏற்றிய முன்னோடி. தாய்நிலத்தை விட்டு வந்தவர்களுக்கு எழுத்தே உறவினருடன் பேசும் பாலமாக இருந்தது.

அவ்வாறாயின், மக்கள் ஆங்கில எழுத்தில் தமிழை எழுதப் பழகியது ஏன்? தொடக்க காலக் கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே கிடையாது. பின்னர் வந்தவற்றிலும் ஒரு தடை இருந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்துகள் 160 அடங்கும். ஒருங்குறியில் எழுதினால் 70 குறிகளே அடங்கும். 'பாட்டி' என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. கருவிக்கோ ப, துணைக்கால், ட, புள்ளி, ட, மேல்விலங்கு என ஆறு குறிகள். இன்று இணையவழிச் செய்திகளுக்கு அத்தடை இல்லை. தடை நீங்கிய பின்னும் பழக்கம் மட்டும் நீங்கவில்லை.

விசையும் இலக்கணமும்

அன்று மாலையே சிறுவன் தன் திறன்பேசியில் தமிழ் விசைப்பலகைகளைத் தேடினான். 'தமிழ் 99' என்னும் பெயர் கண்ணில் பட்டது. 1999 ஆம் ஆண்டு சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டு தமிழ்நாட்டு அரசின் ஏற்பினைப் பெற்ற விசைப்பலகை அது.

அதன் அமைப்பு அவனை வியப்பில் ஆழ்த்தியது. இடப்பக்கத்தில் உயிரெழுத்துகள், வலப்பக்கத்தில் பெரும்பாலான மெய்களின் அகர வரிசை எழுத்துகள். மிகுதியாகப் பயன்படும் அ, இ, உ, க, ப, ம, த, ந ஆகியவை நடுவரிசையில் விரலுக்கு எளிதாக அமைந்திருந்தன. க என்பதை அழுத்தி இ என்பதை அழுத்தினால் 'கி' தோன்றியது. 216 உயிர்மெய் எழுத்துகளையும் தேட வேண்டியதில்லை. மெய்யும் உயிரும் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்று தமிழ் வகுப்பில் படித்த விதியே போதும்.

'அம்மா' என்று எழுத முனைந்தான். அ, ம, ம, ஆ என நான்கு விசைகள். புள்ளியை அவன் இடவே இல்லை. ஒரே எழுத்து இரு முறை வந்ததும் முதல் எழுத்துக்குப் புள்ளி தானே அமைந்தது. அடுத்து 'பந்து' என எழுதினான். ப, ந, த, உ. இங்கும் நகரத்தின்மேல் புள்ளி தானே வந்தது!

"அத்தை, இதற்கு எப்படித் தெரியும்?" என்று வியந்து கேட்டான்.

"இன எழுத்து படித்திருக்கிறாய் அல்லவா? மெல்லினத்தை அடுத்து அதன் வல்லினம் வந்தால், நடுவில் புள்ளி வைத்துக்கொள்ளுமாறு கருவிக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. தேர்வுக்காக நீ மனப்பாடம் செய்த விதி இங்கே வேலை செய்கிறது, பார்" என்றார் அத்தை.

மறுநாள் பக்கத்து வீட்டுக் கன்னட நண்பனிடம் இதனைக் காட்டினான். அந்நண்பன் தன் திறன்பேசியில் கன்னட எழுத்தைத் தட்டிக் காட்டினான். அங்கும் மெய்யுடன் உயிர் சேர்ந்து எழுத்துப் பிறந்தது. கே. பி. ராவ் என்னும் அறிஞர் கன்னடத்துக்காக வகுத்த விசைப்பலகை அது என்று அவன் கூறினான். அவன் பாட்டி தும்கூரில் இருந்தார். இருவரும் அன்று தத்தம் பாட்டிமாருக்கு அவரவர் எழுத்தில் செய்தி எழுதினர்.

சிறுவன் எழுதியது இது: "பாட்டி, என்னை மன்னியுங்கள். பேசிச் சொல்லாமல் போனது என் தவறு. வரும் ஞாயிறு காலை பத்து மணிப் பேருந்தில் வருகிறோம். இதை நீங்களே படியுங்கள்."

முப்பது சொற்கள்கூட இல்லாத அச்செய்தியை எழுதி முடிக்க அவனுக்கு அரைமணி நேரம் ஆயிற்று. 'மன்னியுங்கள்' என்பதில் எந்த னகரம் என்று இருமுறை ஐயம் எழுந்தது. பாடநூலைத் திறந்து பார்த்துத் திருத்தினான்.

பத்து விசைகள்

ஞாயிற்றுக்கிழமை பாட்டி பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தார். சிறுவன் இறங்கியதும் திறன்பேசியை எடுத்து, அவன் எழுதிய செய்தியை உரக்கப் படித்துக் காட்டினார். ஓர் எழுத்தும் தடுக்கவில்லை.

அன்று பிற்பகல் திண்ணையில் அமர்ந்து, பாட்டியின் கருவியில் தமிழ் விசைப்பலகையை அமைத்தான். "எனக்கு எதற்கு கண்ணு இதெல்லாம்? படித்தால் போதாதா?" என்று பாட்டி தயங்கினார். "நான் எழுதினால் நீங்கள் படிக்கிறீர்கள். நீங்கள் எழுதினால்தானே நான் படிக்கலாம்?" என்றான். பாட்டியின் சுட்டுவிரல் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அலைந்தது. அவன் குறுக்கிடாமல் காத்திருந்தான். பள்ளி நாளில் தான் மணலில் எழுதப் பழகியதைப் பாட்டி சொல்லிக்கொண்டே தட்டினார்.

மறுநாள் அவர்கள் ஸ்ரீராம்புரம் திரும்பினர். இரவு எட்டரை மணி. சிறுவன் பழுதான வானொலி ஒன்றைப் பிரித்து வைத்து ஆராய்ந்துகொண்டிருந்தான். அம்மா இரண்டு முறை உணவுக்கு அழைத்துவிட்டார். அப்போது திறன்பேசி ஒலித்தது. திரையில் ஒரே ஒரு சொல் இருந்தது.

சாப்பிட்டாயா

அவன் விரல்விட்டு எண்ணினான். ச, ஆ, ப, ப, இ, ட, ட, ஆ, ய, ஆ. பத்து விசைகள். வினாக்குறி எங்கே இருக்கிறது என்று பாட்டிக்குச் சொல்லித்தர மறந்துவிட்டோமே என்று எண்ணிக்கொண்டான்.

'சாப்பிட்டேன்' என்று மறுமொழி தட்டத் தொடங்கியவன், பாதியில் நிறுத்தினான். திறன்பேசியைக் கீழே வைத்தான். வானொலியை மூடிவிட்டு, கை கழுவி, அம்மாவின் அருகில் அமர்ந்து உண்டான். அதன் பின்னரே அச்சொல்லை முழுமையாக எழுதி அனுப்பினான்.

தெரிந்து தெளிவோம்

'சுஜாதா' என்னும் புனைபெயரில் எழுதிய எஸ். ரங்கராஜன் (1935–2008), பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தை உருவாக்கிய பணியில் முதன்மைப் பங்கு வகித்தார். இந்தியாவில் அவ்வெந்திரம் 1982 ஆம் ஆண்டு கேரளத்தின் பறவூர்த் தொகுதியில் முதன்முதலாகப் பயன்படுத்தப்பட்டது. கணினி, மின்னணுவியல் ஆகியவற்றை எளிய தமிழில் விளக்கி அவர் பல நூல்களை எழுதினார்.

சொல்லும் பொருளும்

திறன்பேசி – தொடுதிரையும் இணைய வசதியும் கொண்ட கைப்பேசி
விசைப்பலகை – எழுத்துகளைத் தட்டுவதற்கான விசைகளின் தொகுதி
நகரா விசை – அழுத்தினாலும் உருளையை நகர்த்தாத விசை
துணைக்கால் – 'கா' என்பதில் ககரத்தை அடுத்து வரும் குறி
மேல்விலங்கு – 'கி' என்பதில் ககரத்தின் மேல் வரும் குறி
ஒருங்குறி – உலக மொழிகளின் எழுத்துகளுக்குப் பொதுவாக எண் வழங்கும் முறை
எழுத்துரு – எழுத்துகளின் வடிவத் தொகுதி

பயிற்சிகள்

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. பாட்டி பேருந்து நிறுத்தத்தில் நாள் முழுவதும் காத்திருக்க நேர்ந்தது ஏன்?
2. நகரா விசையின் பயன் யாது?
3. ஒருங்குறி வருவதற்கு முன் கணினித் தமிழில் இருந்த குழப்பம் யாது?
4. சிறுவன் மறுமொழியைப் பாதியில் நிறுத்தியது ஏன்?

ஆ. தமிழ் 99 முறையில் பின்வரும் சொற்களுக்கு எத்தனை விசைகள் தேவை? எழுதிக் காட்டுக.
(எ.கா.) அம்மா – அ, ம, ம, ஆ – 4
அப்பா, தம்பி, பாட்டி, பந்து, வண்டி

இ. இன எழுத்துகள் அமைந்த சொற்களைப் பாடத்திலிருந்து ஐந்து எடுத்து எழுதுக.

ஈ. செயல்பாடு
ஊரிலுள்ள உறவினர் ஒருவருக்கு ஐந்து தொடர்களில் தமிழ் எழுத்தில் செய்தி எழுதி அனுப்புக. அவர் தந்த மறுமொழியைப் பயிற்சி ஏட்டில் எழுதி வருக.

உ. சிந்தனை வினா
பேசினால் எழுத்தாக மாற்றித் தரும் கருவிகள் இன்று உள்ளன. அவ்வாறிருக்க, தமிழ் எழுத்துகளைக் கற்பது ஏன் தேவை? வகுப்பில் கலந்துரையாடுக.